இரண்டாம் ஆண்டில் படிக்கும் தங்கச்சி: இப்போதே வெளிநாட்டுக்கு மாறலாமா, ஒரு செமஸ்டர் போய் வரலாமா, முடித்துவிட்டுப் போகலாமா?

செந்தூல் அண்ணன் | ஞாயிறு, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சி நிபோங் தெபாலில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யுஎஸ்எம்) பொறியியல் வளாகத்தில் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆறாம் படிவ எஸ்டிபிஎம் சோதனை எழுதிப் போனவள். மொத்தப் புள்ளிச் சராசரி (சிஜிபிஏ) 3.58. பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனில்தான் படிப்பு ஓடுகிறது. வீடு புக்கிட் மெர்தாஜாமில். அப்பா பாயான் லெப்பாஸில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றார். நான் கோலாலம்பூரில் ஒரு லாரி நிறுவனத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன்.

போன வாரம் ஜார்ஜ்டவுனில் நடந்த ஒரு கல்விக் கண்காட்சிக்குத் தோழிகளோடு போயிருக்கிறாள். அங்கே ஓர் ஏஜென்ட், "இங்கே படித்த பாடங்களுக்கான உன் கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்கள், பிரிட்டனில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம், அடுத்த இரண்டு வருடத்தில் பட்டம் கையில்" என்று சொல்லியிருக்கிறார். கட்டணம் ஆண்டுக்கு 25,000 பவுண்ட். பத்து நாளுக்குள் முன்பணம் கட்டினால் இடம் உறுதியாம்.

நேற்று ஊருக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் அந்தக் கண்காட்சித் தாள்கள் எல்லாம் விரித்துக் கிடக்கின்றன. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படிக்கிறார். ஊழியர் சேமநிதியில் இருக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் வெள்ளியையும் (ரிங்கிட்) எடுத்துவிடலாம் என்கிறார். என்னிடம் 30 ஆயிரம் இருக்கிறது. அம்மா ஒன்றும் பேசவில்லை.

நான் டிப்ளோமாவோடு நின்றவன். அவளாவது போகட்டும் என்று மனசு சொல்கிறது. ஆனால் கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கு இடிக்கிறது. இப்போதே மாறுவதா, அவளுடைய பல்கலைக்கழகம் வழியாகவே ஒரு செமஸ்டர் பரிமாற்றத்தில் போய் வருவதா, இங்கே முடித்துவிட்டு முதுகலைக்குப் போவதா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறை டீச்சர் | ஞாயிறு, இரவு 10.48

தம்பி, முதலில் அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஆறாம் படிவப் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு வருடம் பாடம் எடுத்தேன். பத்து நாள் கெடு வைக்கும் ஏஜென்ட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாணவர் பதிந்துகொண்டால் பல்கலைக்கழகம் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் தருகிறது. தொழில் அப்படித்தான் நடக்கிறது, அதில் தப்பில்லை. நல்ல ஏஜென்ட்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர் யாருக்காக அவசரப்படுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கிரெடிட்டை எடுத்துக்கொள்வார்கள்" என்பது வாய்வார்த்தை. அதைப் பல்கலைக்கழகமே தன் கடிதத்தில் எழுதித் தர வேண்டும்: எந்தப் படிப்பு, எந்த ஆண்டில் சேர்க்கை, எந்தெந்தப் பாடங்களுக்கு விலக்கு. அந்தக் கடிதம் இல்லாமல் ஒரு காசும் போகக் கூடாது.

இன்னொன்று. பிடிபிடிஎன் கடன் உள்நாட்டுக் கல்வி நிலையங்களுக்குத்தான். அவள் இங்கே படிப்பை விட்டுவிட்டுப் போனால் அந்தக் கடன் கூடவே வராது. வாங்கின வரைக்கும் எப்படித் திருப்பிக் கட்டுவது என்று நேரில் போய்க் கேளுங்கள். ஏஜென்ட் தாளில் இது இருக்காது.

கடைசியாக ஒரு கேள்வி. அப்பா சொன்னார், நீங்கள் சொன்னீர்கள், ஏஜென்ட் சொன்னார். தங்கச்சி என்ன சொல்கிறாள்? ஏன் போக ஆசைப்படுகிறாள்?

சுபாங் 2+1 | ஞாயிறு, இரவு 11.30

நான் சுபாங் ஜெயாவில் இரண்டு வருடம், கடைசி வருடம் இங்கிலாந்து என்று படித்தவன். அந்த 2+1 வழி என்னைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய வரம். 1997 பொருளாதார நெருக்கடியில் வெள்ளி மதிப்பு விழுந்து பெற்றோர்கள் திணறியபோதுதான் 3+0 வந்தது. முழுப் படிப்பும் இங்கேயே, பட்டம் மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது. ஆனால் அண்ணே, இந்த ஏற்பாடுகள் எல்லாம் இரண்டு பக்கமும் முன்கூட்டியே பாடத்திட்டத்தைப் பொருத்தி வைத்திருப்பவை. உங்கள் தங்கச்சிக்குச் சொல்லப்பட்டது அது இல்லை. நடுவழியில் ஏறுவது. பாடங்கள் முழுக்கப் பொருந்தாவிட்டால் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்லப்பட்ட ஒருவன் என் அறைத் தோழனாக இருந்தான்.

கணக்கைப் போட்டுவிடுவோம். கட்டணம் இரண்டு வருடத்துக்கு 50,000 பவுண்ட். லண்டனுக்கு வெளியே என்றாலும் வாடகை, சாப்பாடு, பஸ் எல்லாம் சேர்த்து மாதம் 1,100 பவுண்டுக்குக் குறையாது, அதுவும் கையை இறுக்கிப் பிடித்தால். இரண்டு வருடத்துக்கு 26,400. விசாவோடு சேர்த்துக் கட்ட வேண்டிய சுகாதாரக் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்ட், அதுவும் முன்கூட்டியே மொத்தமாக. விமானம், விசா, முதல் மாதம் வீட்டுக்குக் கட்டும் முன்பணம் தனி. சுற்றி வளைத்து 78,000 பவுண்ட். ஒரு பவுண்ட் 5.60 வெள்ளி என்று வைத்தாலும் 4 லட்சத்து 36 ஆயிரம் வெள்ளி. உங்கள் கையில் இருப்பது 2 லட்சத்து 10 ஆயிரம்.

பகுதிநேர வேலை செய்து சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி. நான் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவினேன். அந்தக் காசு சாப்பாட்டுக்குச் சரியாகப் போனது, கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. படித்த பிறகு தங்கி வேலை தேடும் விசாவும் இப்போது இரண்டு வருடம், 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அவள் முடிக்கும்போது அந்தக் குறைந்த காலம்தான் கிடைக்கும்.

ஷா ஆலாம் இன்ஜினியர் | திங்கள், காலை 7.05

பணத்துக்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. அந்தப் பட்டம் இங்கே செல்லுமா?

மலேசியாவில் பொறியாளராக வேலை செய்ய மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிய வேண்டும். 1967ஆம் ஆண்டுச் சட்டம். வாரியம் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பேரையோ உலகத் தரவரிசையையோ அல்ல. அந்தக் குறிப்பிட்ட படிப்பு அங்கீகாரம் பெற்றதா என்பதைத்தான். வாஷிங்டன் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. அதில் உள்ள நாடுகள் ஒன்றின் பொறியியல் பட்டத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லாம் 1989இல் தொடங்கிவைத்தவர்கள். மலேசியா 2009இல் முழு உறுப்பினரானது, இந்தியா 2014இல். அந்த நாட்டில் படித்தாலே போதும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரே பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலுக்கு அங்கீகாரம் இருக்கும், பக்கத்துக் கட்டடத்தில் நடக்கும் புதுப் படிப்புக்கு இருக்காது. படிப்பின் முழுப் பெயரையும் வாங்கி, அந்த நாட்டு அங்கீகார அமைப்பின் பட்டியலில் தேடிப் பாருங்கள். கால் மணி நேர வேலை.

தங்கச்சி இப்போது படித்துக்கொண்டிருக்கிற படிப்பும் பட்டியலில் இருக்கிறதா என்று அதே மூச்சில் பார்த்துவிடுங்கள். இருந்தால், அங்கீகாரமுள்ள பட்டத்துக்குப் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டாள். அதை விட்டுவிட்டுப் போக வலுவான காரணம் வேண்டும்.

இந்த இழையை வேறு பெற்றோரும் படிப்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவம் என்றால் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியல். பிரிட்டனிலோ ஆஸ்திரேலியாவிலோ சட்டப் பட்டம் மட்டும் வாங்கி வந்தால், இங்கே வழக்கறிஞராவதற்கு முன் சிஎல்பி சோதனை எழுத வேண்டும். அதை எண்ணாமல் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு வருடம் உட்கார்ந்து படித்தவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

செந்தூல் அண்ணன் | திங்கள், மாலை 6.40

எல்லாருக்கும் நன்றி. மதிய இடைவேளையில் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டேன். படிப்பின் முழுப் பெயர் கேட்டேன். "இன்ஜினியரிங்தான் சார், எல்லாம் சேர்ந்தது" என்றார். கிரெடிட் கடிதம் கேட்டேன். முன்பணம் கட்டின பிறகுதான் பல்கலைக்கழகம் அதைப் பார்க்கும் என்றார். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்வியை ராத்திரி தங்கச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இத்தனை நாளில் இதை யாருமே கேட்கவில்லை அண்ணா" என்றாள். இந்த இழையின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன். அவளே எழுதுவாள்.

கிள்ளான் மாமா | திங்கள், இரவு 8.20

எல்லாரும் தடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன். பிள்ளைக்கு இருபத்தொரு வயது. போக வேண்டிய வயது இதுதான். என் மூத்த அண்ணன் கப்பல் ஏறி மெட்ராஸுக்குப் படிக்கப் போனபோது வீட்டில் என்ன சொத்து இருந்தது? தோட்டத்து லயத்தில்தான் இருந்தோம். காப்பு, சங்கிலி எல்லாம் அடகுக் கடைக்குப் போனது. இன்று எங்கள் குடும்பம் இருக்கிற இருப்புக்கு அந்த ஒரு பயணம்தான் காரணம்.

பிரிட்டன் விலை கட்டவில்லையா, இந்தியாவைப் பாருங்கள். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டவருக்குத் தனி இடங்கள் இருக்கின்றன. ஐசிசிஆர் உபகாரச் சம்பளம் இந்திய அரசு தருகிறது. சாப்பாடு நம் சாப்பாடு, பேச்சு நம் பேச்சு. சிங்கப்பூரும் இருக்கிறது. எஸ்டிபிஎம்மை அங்கே மதிக்கிறார்கள்.

ஷா ஆலாம் இன்ஜினியர் | திங்கள், இரவு 8.55

மாமா, உங்கள் அண்ணன் போன காலத்தில் இங்கே நம் பிள்ளைகளுக்கு இடமே குறைவு. அவர் போனது சரி. இவளுக்கு இங்கே இடம் இருக்கிறது, அதுவும் நல்ல இடம். இந்தியாவுக்குப் போனாலும் சிங்கப்பூருக்குப் போனாலும் பெரும்பாலும் முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். படித்த இரண்டு வருடத்துக்கு யார் பதில் சொல்வது? சிங்கப்பூரில் அரசு மானியம் வாங்கிக் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டால், முடித்த பிறகு மூன்று வருடம் அங்கே வேலை செய்யக் கையெழுத்துப் போட வேண்டும். எஸ்டிபிஎம் முடித்த கையோடு போகிறவர்களுக்கு அது அருமையான வழி. அந்தப் பேச்சு இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும்.

பிறை டீச்சர் | திங்கள், இரவு 9.30

மாமா சொன்னது என் மனசைத் தொட்டது. ஆனால் அடகு வைத்த காப்பைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு குடும்பம். மகன் ஆஸ்திரேலியா போனான். அப்பா ஐம்பத்தைந்து வயதில் சேமநிதியை முழுசாக எடுத்தார். முதல் வருடம் சரியாகப் போனது. இரண்டாம் வருடம் வெள்ளி விழுந்தது, வாடகை ஏறியது. மகன் நல்லவன்தான், இரவு வேலையும் பார்த்தான். படிப்பு சரிந்தது. பட்டம் இல்லாமல் திரும்பினான். அவன் அப்பா இன்று அறுபத்து நாலு வயதில் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலை ஐந்தரைக்கு அந்த வேன் கிளம்பும் சத்தத்தில்தான் நான் எழுந்திருக்கிறேன். அவர் ஒருநாளும் மகனைக் குறை சொன்னதில்லை. மகன்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பான் என்று நினைக்கிறேன்.

வேலையில் இருப்பவர்களுக்குச் சேமநிதி வாரியமே ஓர் எல்லை போட்டு வைத்திருக்கிறது. 2024 மே 11 முதல் கணக்கு மூன்றாகப் பிரிந்திருக்கிறது: ஓய்வுக்கு 75 விழுக்காடு, செஜாத்ரா கணக்கில் 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்க 10. பிள்ளைகள் படிப்புக்கு எடுப்பது அந்த 15 விழுக்காட்டுக் கணக்கிலிருந்துதான். ஓய்வுக் காசில் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தச் சுவர். உங்கள் அப்பாவுக்கு வயது கடந்துவிட்டதால் முழுசும் எடுக்கலாம். சுவர் இல்லை. அந்தச் சுவராக நீங்கள்தான் நிற்க வேண்டும், தம்பி.

நிபோங் தெபால் தங்கச்சி | செவ்வாய், காலை 1.12

வணக்கம். நான்தான் அந்தத் தங்கச்சி. முழு இழையையும் இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு லண்டன் மேல் ஆசை எதுவும் இல்லை. போன செமஸ்டர் பட்டறையில் ஒரு சின்னக் காற்றாலைச் சிறகு செய்தோம், ஒரு முழ நீளம். கண்ணாடி இழையைப் பிசினில் நனைத்து அச்சில் அடுக்கி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள். கையெல்லாம் அரிப்பு. விசிறி முன்னால் வைத்துச் சுழல விட்டபோது ஒரு வேகத்துக்கு மேல் கடகடவென்று நடுங்க ஆரம்பித்தது. ஏன் அந்த வேகத்தில் மட்டும் நடுங்குகிறது என்று கண்டுபிடிக்க அடுத்த இரண்டு வாரம் தூங்கவில்லை. அதுதான் எனக்கு வேண்டும். நம் நாட்டில் காற்று மெதுவாகத்தான் அடிக்கும், அதனால் பெரிய காற்றாலைகளை நேரில் பார்க்க முடியாது. அவை நிற்கிற ஊருக்குப் போய், அதைச் செய்கிறவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை. தாய்லாந்தின் ஹாட்ஞாய் தவிர நான் எந்த வெளிநாட்டுக்கும் போனதில்லை.

ஏஜென்ட் பேசும்போது இதை எல்லாம் சொல்லத் தெரியவில்லை. அவர் ஊர், பட்டம் என்று சொன்னதும் தலையாட்டிவிட்டேன். அப்பா சேமநிதியை எடுக்கிறேன் என்று சொல்வார் என்று நினைக்கவே இல்லை. அந்தக் காசு வேண்டாம். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கூலிம் அக்கா | செவ்வாய், காலை 8.50

தங்கச்சி, இதைத்தான் நேற்றே எழுத நினைத்தேன், நீ எழுதட்டும் என்று இருந்தேன். உனக்கு வேண்டியது செமஸ்டர் பரிமாற்றம். நான் மூன்றாம் ஆண்டில் ஜப்பானில் ஃபுகுவோக்காவுக்கு ஒரு செமஸ்டர் போனேன்.

இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தால், உன் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிற கட்டணத்தை மட்டும் கட்டுவாய். அங்கே கட்டணம் கிடையாது. விமானம், விடுதி, சாப்பாடு, காப்பீடு உன் பொறுப்பு. எனக்கு ஐந்து மாதத்துக்கு எல்லாம் சேர்த்து 19 ஆயிரம் வெள்ளி ஆனது. என்னோடு இருந்த சிலருக்கு ஜப்பான் அரசு சார்ந்த ஜாஸ்ஸோ அமைப்பின் உபகாரச் சம்பளம் கிடைத்தது, மாதம் 80,000 யென். விண்ணப்பத்தைத் தாமதமாகக் கொடுத்ததால் எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே போக வேண்டிய செமஸ்டருக்கு ஒரு வருடம் முன்னாலேயே வளாகத்தின் அனைத்துலகப் பிரிவுக்குப் போய் உட்கார். ஒப்பந்தப் பட்டியலைக் கேள்.

நான் பட்ட அடியையும் சொல்கிறேன். போகும் முன் நான்கு பாடங்களைப் பொருத்திப் படிவம் நிரப்பினேன். மூன்றுக்குக் கையெழுத்து வாங்கினேன். நான்காவதுக்குத் துறைத்தலைவர் விடுமுறையில் இருந்தார். "போய் வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். திரும்பி வந்தபோது பாடத்திட்டம் போதிய அளவு பொருந்தவில்லை என்று அந்தப் பாடத்தை ஏற்கவில்லை. அந்தப் பாடம் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும். அதற்காகவே இன்னொரு செமஸ்டர் இருந்தேன். அங்கே அதே பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியும்! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. கையெழுத்து இல்லாமல் விமானம் ஏறாதே. தாளில் இல்லாதது இல்லவே இல்லை.

ஜப்பானில் மாணவர் விசாவுக்கு முதலில் அங்கிருந்து தகுதிச் சான்றிதழ் வர வேண்டும், அதற்கே வாரக்கணக்கில் ஆகும். வந்ததும் கோலாலம்பூருக்கு அலைய வேண்டாம், பினாங்கிலேயே ஜப்பான் துணைத் தூதரகம் இருக்கிறது. தங்குமிடத்தில் குடியேறி 14 நாளுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அப்படியே சுகாதாரக் காப்பீட்டிலும் சேர்ந்துவிடு. வேலைக்கு அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் செய்யலாம்.

ஃபுகுவோக்காவில் குப்பையை ராத்திரிதான் எடுப்பார்கள். பொழுது சாய்ந்த பிறகு, நடுராத்திரிக்குள் வெளியே வைக்க வேண்டும், நகராட்சிப் பையில்தான் போட வேண்டும். முதல் வாரம் காலையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பாட்டி என் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜப்பான் மொழி நாலு வார்த்தை. கடிகாரத்தைக் காட்டினார், நிலாவை வரைந்தார். புரிந்தது. அதற்குப் பிறகு செமஸ்டர் முடிகிற வரைக்கும் எனக்கு ஊறுகாய் கொடுத்துக்கொண்டே இருந்தார். நான் ஊரிலிருந்து கொண்டுபோன பாபாஸ் மசாலாத் தூளில் கோழிக்கறி செய்து கொடுத்தேன்.

இதைக் கேட்டால் உனக்குத் தூக்கம் வராது: அந்த ஊரில்தான் கியூஷு பல்கலைக்கழகம் இருக்கிறது. காற்றாலைச் சிறகைச் சுற்றி ஒரு வளையம் பொருத்தி, வருகிற காற்றை உள்ளே வேகமாக இழுக்க வைக்கும் 'விண்ட் லென்ஸ்' அங்கே உருவானதுதான். மெதுவாகக் காற்றடிக்கும் ஊர்க்காரிக்கு அது ரொம்பப் பக்கத்து விஷயம் இல்லையா? உன் வளாகத்துக்கு அங்கே ஒப்பந்தம் இருக்கிறதா என்று பட்டியலில் பார்.

ஆஹன் வாசி | செவ்வாய், இரவு 11.40

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன். பட்டர்வொர்த்காரன். இங்கே முதுகலை முடித்து வேலையில் இருக்கிறேன். தங்கச்சியின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பரிமாற்றம் இப்போது, முதுகலை அப்புறம். நான் அப்படித்தான் வந்தேன். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் இங்கே கல்விக் கட்டணம் இல்லை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும். விலக்குகளையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் ஏமாறுகிறார்கள். பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலம் முதல் வசூலிக்கத் தொடங்கிவிட்டது, முதுகலைக்குச் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

கட்டணம் இல்லை என்றால் காசே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. விசாவுக்கு முன்னால் முடக்கக் கணக்கு ஒன்றில் 11,904 யூரோ போட வேண்டும். இங்கே வந்ததும் மாதம் 992 யூரோ உன் கைக்கு வரும். அது உன் காசுதான், ஒரு வருடச் சாப்பாடும் வாடகையும். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தால் காசும் வரும், தொழிலும் வரும். நான் இரண்டாவது செமஸ்டரிலிருந்து வீட்டிலிருந்து காசு வாங்கவில்லை. முடித்த பிறகு வேலை தேட 18 மாதம் தருகிறார்கள்.

இன்ஜினியர் அண்ணே ஒன்றைக் கவனித்திருப்பார்: ஜெர்மனி வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இல்லை. முதல் பட்டத்தை இங்கே வாங்கினால் ஊரில் சிக்கல் வரலாம். முதல் பட்டத்தை நிபோங் தெபாலில் வாங்கிக்கொண்டு முதுகலைக்கு வந்தால் அந்தக் கவலை இல்லை. ஊரில் பதிவதற்கு அந்த முதல் பட்டம் போதும்.

இப்போதே ஜெர்மன் மொழி படிக்கத் தொடங்கு. ஜார்ஜ்டவுனில் மலேசிய-ஜெர்மன் சங்கம் வகுப்பு நடத்துகிறது, கோலாலம்பூர் என்றால் கோத்தே நிலையம். படிப்பு ஆங்கிலத்தில் கிடைக்கும், ஆனால் காற்றாலைக்காரர்கள் பட்டறையில் ஆங்கிலம் பேசுவதில்லை.

சுபாங் 2+1 | புதன், காலை 9.15

ஆஹன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எராஸ்மஸ் முண்டுஸ் என்று ஒன்று இருக்கிறது, முதுகலைக்குத்தான். இரண்டு மூன்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துகிற படிப்பு. உபகாரச் சம்பளம் கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதம் 1,400 யூரோ கையில். பிரிட்டனுக்கு அந்நாட்டு அரசின் செவ்னிங் உபகாரச் சம்பளம். அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். இவை எல்லாமே முதல் பட்டம் முடித்தவர்களுக்கு. நல்ல காசு எல்லாம் முதுகலைப் பக்கம்தான் குவிந்து கிடக்கிறது. முதல் பட்டத்தை நடுவில் மாற்றுகிறவர்களுக்கு உபகாரச் சம்பளம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஐஎல்ட்ஸ் ஆங்கிலச் சோதனையை இப்போதே எழுதிவிடாதே தங்கச்சி. இரண்டு வருடம்தான் செல்லும்.

ரவாங் அம்மா | புதன், மதியம் 1.20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மகனும் கண்காட்சியில் ஆஸ்திரேலியா என்று ஆசை காட்டப்பட்டவன். மாணவர் விசாவுக்கே 2,000 ஆஸ்திரேலிய டாலர் கேட்கிறார்கள், 2024 ஜூலைக்கு முன்னால் 710 ஆக இருந்தது. விசா கிடைக்காவிட்டால் அந்தக் காசு திரும்பி வராது. இந்த இழையைப் படித்த பிறகு மகனை உட்கார வைத்து, என்ன படிக்க ஆசை என்று கேட்டேன். ஊர் பேர் எதையும் சொல்லவில்லை. கடல் ஆமை என்றான்! யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

கிள்ளான் மாமா | புதன், இரவு 9.05

தங்கச்சி எழுதியதைப் படித்தேன். காசு எடுக்க வேண்டாம் என்று சொன்ன பிள்ளை கண்டிப்பாகப் போக வேண்டிய பிள்ளை. பரிமாற்றத்துக்குப் போகும்போது விமான டிக்கெட் என் பொறுப்பு. அண்ணனுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். மறுக்கக் கூடாது. என் அண்ணனுக்கு அன்று டிக்கெட் காசு கொடுத்தவரும் சொந்தக்காரர் இல்லை, தோட்டத்துக் கிராணி.

செந்தூல் அண்ணன் | ஆறு வாரம் கழித்து, சனி, மாலை 5.30

எல்லாருக்கும் வணக்கம். என்ன ஆனது என்று சொல்லாமல் இருந்தால் தப்பு.

முன்பணம் கட்டவில்லை. ஏஜென்ட் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார், கெடு நீட்டித்திருக்கிறோம் என்று. தங்கச்சியே பேசி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய படிப்பைப் பட்டியலில் தேடிப் பார்த்தோம், இருக்கிறது. அனைத்துலகப் பிரிவுக்குப் போய் ஒப்பந்தப் பட்டியலை வாங்கி வந்தாள். ஜப்பானில் சில இடங்கள் இருக்கின்றன. அடுத்த வருடம் அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள், ஜாஸ்ஸோ படிவமும் சேர்த்து. முடிவு இன்னும் வரவில்லை.

அப்பாவிடம் சேமநிதியைப் பற்றிப் பேசினேன். கஷ்டமாக இருந்தது. "நான் கொடுக்கிறேன் என்றால் ஏன் வேண்டாம் என்கிறாய்" என்று கோபப்பட்டார். தங்கச்சி பட்டறையில் செய்த சிறகைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, அது ஏன் நடுங்குகிறது என்று அவருக்கு விளக்கினாள். முப்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவர் இல்லையா, கையில் எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் எடை கூட" என்றார். இரண்டு பேரும் சமையலறைத் தராசை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்று வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு சேமநிதிப் பேச்சே வரவில்லை. என் 30 ஆயிரத்தில் 20 ஆயிரத்தைப் பரிமாற்றத்துக்கென்று தனியாக வைத்துவிட்டேன். மாமா, டிக்கெட் விஷயத்தில் அப்பா உங்களோடு நேரில் பேச வேண்டும் என்கிறார். வரும் ஞாயிறு கிள்ளானுக்கு வருகிறோம்.

கூலிம் அக்காவுக்கு ஒரு கேள்வி. ஐந்து பாடத்தில் நான்குக்குக் கையெழுத்து வாங்கிவிட்டாள். வெப்பப் பரிமாற்றப் பாடத்துக்கு மட்டும் அந்தப் பக்கத்துப் பாடத்திட்டம் ஜப்பான் மொழியில்தான் இருக்கிறதாம், விரிவுரையாளர் ஆங்கிலத்தில் கேட்கிறார். நீங்கள் போனபோது இதை எப்படிச் சமாளித்தீர்கள்?

கூலிம் அக்கா | சனி, இரவு 7.10

அங்கே உள்ள அனைத்துலக மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள், வாரத் தலைப்புகளோடு ஆங்கிலச் சுருக்கம் அனுப்பச் சொல்லி. எனக்கு ஒன்பது நாளில் அனுப்பினார்கள். அவர்கள் முத்திரை அதில் இருக்க வேண்டும், நாமே மொழிபெயர்த்துக் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். என் பழைய மின்னஞ்சல் இன்னும் இருக்கிறது. தங்கச்சிக்கு இப்போதே அனுப்பிவிடுகிறேன், அதைப் பார்த்து எழுதட்டும்.